மல்லாட்டைக்குக் கிடைத்த வாய்ப்பு: விழுப்புரம், திண்டிவனம் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு மாதமாவது இருந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசை. உங்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. முழு நேரம், பகுதி நேரம் இரண்டுக்கும் பொருந்தும். பட்டம் வாங்கி முடித்துக் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்களும் படிக்கலாம். மே மாதத்தில் படிப்பது உத்தமம். அந்த மாதம் சம்பளம் கிடையாது, நேரம் நிறைய இருக்கும்.

முதல் யோசனை: முடிந்தால் மல்லாட்டையாகப் பிறந்துவிடுங்கள்.

ஆய்வுக்காகக் கடல் கடந்து இந்த வட்டாரத்துக்கு வந்து, நல்ல பெயர் எடுத்து, பிற மாநிலங்களுக்கும் போனது என்று பார்த்தால் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, அடித்துக்கொள்ள ஆள் இல்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு ரயில்வே வைத்திருப்பதும் அதே மூன்றெழுத்துதான். டி.எம்.வி. 1 என்ற கொடி ரகம், மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. 1967இல் வந்த டி.எம்.வி. 7, அமெரிக்காவின் ‘டென்னசி ஒயிட்’ வகையிலிருந்து. 1940இல் வந்த டி.எம்.வி. 2 மட்டும் நம் குடியாத்தம் கொத்துக்கடலையின் வாரிசு. அது ஆந்திரம், கர்நாடகம் என்று பரவி, புதுப்புது ரகங்கள் வந்த பிறகும் இடத்தை விடவில்லை.

டென்னசியிலிருந்து வந்த விதையிடம் யாரும் ஆறு மாத வங்கிக் கணக்கு கேட்கவில்லை. திரும்பிப் போவாயா, இங்கேயே தங்கிவிடுவாயா என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விசாரிக்கவில்லை. தங்கினால்தான் சந்தோஷம் என்றார்கள். விதைக்கும் நோய்ச் சோதனை உண்டே என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வார்கள். உண்டுதான். ஆனால் அந்தச் சோதனையில் அதன் குடும்ப வருமானம் வராது.

ஏற்கெனவே மனிதராகப் பிறந்துவிட்டவர்கள் மேலே படிக்கவும்.

நாற்காலியை விட்டு எழாமல் பல்கலைக்கழகம் மாறுவது

ஐரோப்பாவில் இளம் ஆய்வாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர எராஸ்மஸ், மேரி கியூரி என்று பெரிய பெரிய திட்டங்கள் வைத்திருக்கிறார்கள். பாவம், அங்கே ஆய்வாளர்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது. விழுப்புரத்தில் அந்தச் சிரமம் இல்லை. இங்கே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், பல்கலைக்கழகம் கிளம்பிப் போகும்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968இல் தொடங்கியது. அப்போது பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் அதற்குப் போயின. கையெழுத்து ஒன்று வேண்டுமென்றால் காட்பாடி லைன் ரயிலைப் பிடிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கே சொந்தமாக டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் வந்தது. பழைய தாலுகா அலுவலக வளாகத்தில் இயங்கியது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டு 31 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறி, கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்றன. எதிர்க்கட்சியினர் சாலையில் உட்கார்ந்தார்கள், உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஒரு பக்கத்துக்குத் தலைவியின் பெயர் பிரச்சினை, இன்னொரு பக்கத்துக்குச் செலவு பிரச்சினை. ஆய்வு மாணவர் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து படிக்க இந்த ஊரில் ஒரு நூலகம் திறந்திருக்குமா என்பது எந்தப் பக்கத்துக்கும் பிரச்சினையாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, கல்லூரியின் அதே நாற்காலிக்கு இது நான்காவது பல்கலைக்கழகம். உங்கள் சுயவிவரக் குறிப்பில் ‘நிறுவனம் விட்டு நிறுவனம் சென்ற அனுபவம்’ என்று கேட்டிருக்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

நெறியாளர் கிடைப்பதும் வெளிநாட்டவர் ஆவதும்

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது ஆளை எடுக்கக் கூடாது. நெறியாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புக்குப் போகிறவர்களில் ஏராளமானோர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு முனைவர் பட்டம் இருக்கும், நெட்டோ செட்டோ இருக்கும், பதினைந்து வருஷ அனுபவம் இருக்கும். கௌரவமும் இருக்கிறது, பெயரிலேயே. நெறியாளராக மட்டும் முடியாது. ஆகையால் கையில் ஆய்வுத் தலைப்போடு துறைத்துறையாக ஏறி இறங்கும் போது நீங்கள் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்றுதான்: “வேகன்சி இல்லையேப்பா.”

மனம் தளர வேண்டாம். அதே விதியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஒவ்வொரு நெறியாளரும் மேற்சொன்ன எண்ணிக்கைக்கு மேல் இரண்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே விழுப்புரத்தில் இடம் கிடைக்காத விழுப்புரத்துக்காரர் செய்ய வேண்டியது, வெளிநாட்டவராக மாறிவிடுவதுதான். அதற்கு வெகு தூரம் போக வேண்டாம். ஆரோவில்லின் பெரும்பகுதி நம் மாவட்டத்து வானூர் தாலுகாவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டுத் தொடங்கிய இடம். இத்தனை நாட்டு மண் கலந்த தாலுகாவில் பிறந்தவர் உண்மையில் எந்த நாட்டவர் என்று விளக்கம் கேட்டு ஒரு மனு போடுங்கள். பதில் வருவதற்குள் யாராவது வைவா முடித்து ஒரு இடம் காலியாகிவிடும்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கலை

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சொந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்று கிளம்புகிறார்கள். சொந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே எழுதியாயிற்று. எழுதியவர் வெகு தூரத்தில் இருக்கிறார். புத்தகமும் வெகு விலையில் இருக்கிறது.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருவேல்பட்டு என்று ஓர் ஊர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். எத்தனை வீடு, எத்தனை ஏர், யாருக்கு எவ்வளவு கடன், வட்டி என்ன, கூலி என்ன. மாணவர்கள் எழுதி வந்ததைத் தொகுத்து 1918இல் புத்தகமாக்கினார். அதில் இருவேல்பட்டும் ஒன்று. பிறகு அந்த ஊரை ஆய்வாளர்கள் விடவே இல்லை. தலைமுறைக்கு ஒரு குழு வந்து மறுபடி எண்ணியது. எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்தில் மறு ஆய்வு வெளியிட்டார்கள். 1916 முதல் 2008 வரையான கதையை ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2010இல் எழுதினார்கள். நல்ல ஆய்வுகள், குறை சொல்வதற்கில்லை. கணக்கெடுத்தது நம் ஊர் மாணவர்கள் என்றாலும், உலகம் அந்த ஊர்களை ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே அழைக்கிறது.

செஞ்சிக்கு வாருங்கள். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலையும் அதைச் சுற்றிய கூத்தையும் தீமிதியையும் வைத்து ஆல்ஃப் ஹில்டெபெய்டல் எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988இல் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பிலேயே நம் ஊர் இருக்கிறது. தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா எழுதியது 1990இல் ஹவாயிலிருந்து வந்தது. கல்லைக்கூட விடவில்லை. திருவக்கரையில் கல்லாகிப்போன இரண்டு கோடி வருஷத்து மரங்களை 1781இலேயே சொனெரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதிவைத்தார். நம் ஊர் மரம், நம் ஊர் அம்மன், நம் ஊர் அர்ச்சுனன் தபசு எல்லாம் பாரிஸ், சிகாகோ, ஹொனலூலு போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. நீங்கள்தான் பாக்கி.

நான் சிபாரிசு செய்யும் தலைப்பு இது: ‘வுல்விச்: ஓர் ஆங்கிலேயக் குடியிருப்பின் சமூக, பொருளாதார நிலை’. லண்டனின் வுல்விச்சுக்கு ஒரு காலத்தில் மேயராக இருந்தவர்தான் நம் ஸ்லேட்டர். அவர் ஆள் அனுப்பி இருவேல்பட்டை எண்ணினார். நாம் ஆள் அனுப்பி வுல்விச்சை எண்ணினால் கணக்கு நேராகும். கேள்வித்தாள் புதிதாகத் தயாரிக்க வேண்டாம், அவருடையதே போதும். தெருவில் எத்தனை வீடு, மாடு எத்தனை, மாடு இல்லையென்றால் ஏன் இல்லை. தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், அந்தக் குழாயில் எல்லாரும் எடுக்கலாமா. பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய எவ்வளவு கடன் வாங்கினீர்கள், யாரிடம், வட்டி என்ன. பதில் சொல்லத் தயங்குகிறவர்களைப் பற்றி ‘தகவலாளிகள் வெள்ளந்தியானவர்கள், ஆனால் வெளியாட்களைச் சந்தேகிப்பவர்கள்’ என்று முன்னுரையில் எழுதிக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தால் பாதி அத்தியாயம் முடிந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து உங்கள் மாணவர்கள் போய் ‘வுல்விச்: ஒரு மறு ஆய்வு’ எழுதுவார்கள்.

சிரிக்க வேண்டாம். இந்தத் தலைப்புக்குத்தான் மத்திய அரசின் பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், கைவினைஞர் குடும்பப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிக்க தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. 2022இல் அதன் நெறிமுறையைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இனி உதவித்தொகை இல்லை என்று எழுதிவிட்டார்கள். இந்தியாவைப் பற்றி ஆராய வெளிநாடு எதற்கு என்பது வாதம். இருவேல்பட்டின் கூலித் தொழிலாளி வீட்டுப் பெண், தன் ஊரின் நூறு வருஷ ஆவணங்களைப் படிக்க லண்டனுக்குப் போக இந்தத் திட்டத்தில் வழியில்லை. வுல்விச்சின் கூலித் தொழிலாளியைப் பற்றி ஆராய்வதாக எழுதினால் தடை இல்லை. லண்டனிலிருந்து இருவேல்பட்டுக்கு வருகிறவரை எந்த நெறிமுறையும் இப்படிக் கேட்டதில்லை.

பணம், போனஃபைட், விசா

நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை நம்பியிருந்தவர்களும் தாண்டிப் போகலாம். அதை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மிச்சமுள்ளவர்கள் உட்காருங்கள்.

வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு உதவி என்பது பெரும்பாலும் போய்வந்த பிறகு கிடைப்பது. முதலில் நீங்கள் போட வேண்டும். மச்சானிடம் வாங்கலாம், சீட்டை ஏலத்தில் எடுக்கலாம், அம்மாவின் வளையலைத் திண்டிவனத்தில் வைக்கலாம். இந்தப் பணத்துக்கு இரண்டு வேலை உண்டு. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அது உங்கள் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், விசா அதிகாரியின் கண்ணுக்கு. நேற்றுவரை நாலாயிரம் இருந்த கணக்கில் திடீரென மூன்று லட்சம் விழுந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே மச்சானிடம் முன்கூட்டியே, தவணை தவணையாக வாங்கவும்.

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருஷம். இரண்டு வருஷத்தில் ஆங்கிலம் மறந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். போனஃபைட் சான்றிதழுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்திருப்பார்கள். அலுவலக ஜன்னலில் நடக்கும் உரையாடலுக்குத் தயாராகிக்கொள்ள ஒரு மாதிரி:

“சார், ஒரு போனஃபைட் வேணும்.”

“எதுக்குப்பா?”

“ஜெர்மனில கான்ஃபரன்ஸ் சார். பேப்பர் செலக்ட் ஆயிருக்கு.”

“ஜெர்மனின்னு போடணுமா, சும்மா வெளிநாடுன்னு போட்டா போதுமா?”

“ஊர் பேரு வேணும் சார்.”

“என்னைக்கு கான்ஃபரன்ஸ்?”

“வர்ற பன்னெண்டாம் தேதி.”

“அப்ப பதினாலாம் தேதி வாப்பா. கையெழுத்துப் போடுற சார் லீவுல இருக்காரு.”

இவ்வளவையும் தாண்டி முறையாகப் போனவர்கள் உண்டா என்றால் உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வடிவேல், மாசி என்ற இரண்டு இருளர்கள் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே காட்டையே காலி செய்துகொண்டிருந்த பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்கத் தெரியாமல் திணறிய அந்த மாநில வனவிலங்கு ஆணையம் கூப்பிட்டது. போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஸ்கோபஸ் கட்டுரை ஒன்றுகூடக் கிடையாது. ஆங்கிலத் தேர்வு எழுதவில்லை, ஆணையமே மொழிபெயர்ப்பாளர்களைக் கூட அனுப்பியது. உங்கள் ஆய்வேட்டைப் படித்து எந்த வெளிநாட்டு அரசாவது மூச்சுத் திணறிக் கூப்பிடுமா என்று யோசித்துப் பாருங்கள். கூப்பிடாது என்று தோன்றினால் தலைப்பை மாற்ற இன்னும் நேரமிருக்கிறது.

விசா மறுத்துவிட்டார்கள் என்றால் ஒரு மாற்று வழி. இதை மட்டும் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரான்சுக்குப் போகத்தான் விசா வேண்டும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கு டவுன் பஸ்ஸோ ரயிலோ போதும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1955இல் ஜான் ஃபிலியோசா தொடங்கியது. அங்கே இருக்கும் சைவ சித்தாந்த ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. செடிகொடியின் உலர்மாதிரி, கோயில் புகைப்படங்கள், காட்டு வரைபடங்கள் எல்லாம் உண்டு. கடற்கரையை ஒட்டிக் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கிறது. பாரிசிலிருந்து மாணவர்கள் விமானமேறி அங்கே வருகிறார்கள். நம் ஆட்கள் புதுச்சேரிக்குப் போகும் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

பன்னாட்டுக் கருத்தரங்கம்: உள்ளூரிலேயே உலகம்

போக முடியாதவர்களுக்காகவே உலகம் கல்லூரி வளாகத்துக்கு வருகிறது. ஒரு கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்காக ஒரே ஒரு வெளிநாட்டவர் போதும். அவர் ஜூமில் வரலாம். நெட் விட்டுவிட்டு வந்தால் அவருடைய பெயரும் உறைந்துபோன முகமும் திரையில் இருந்தால் போதும், தகுதி குறையாது. பதிவுக் கட்டணம் கட்டினால் ஆய்வுக்கோவையில் கட்டுரை வரும், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு. கட்டுரை வாசிக்க மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடம் அமர்வுத் தலைவர் மணியடிப்பார். சான்றிதழ் வாங்கி, போட்டோவுக்கு நிற்க ஐந்து நிமிடம். மதியம் பிரிஞ்சியும் தயிர்ப் பச்சடியும். மாலை நிறைவு விழாவுக்கு யாரும் இருக்க மாட்டார்கள், திண்டிவனம் பஸ்ஸுக்குக் கூட்டம் வந்துவிடும்.

திரையில் வரும் அந்த ஒருவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர், அல்லது கோலாலம்பூர்க்காரர். இதில் ஓர் அழகு உண்டு. அவர் வந்தால் நம் கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகிறது. அடுத்த மாதம் நாம் அவருடைய திரையில் தோன்றினால் அவருடையது ஆகிறது. செலவில்லாத பரிமாற்றம். இதைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தாலும் தமிழ் ஆய்வு உலகத்துக்குப் போனதே இந்த மாதிரித் தொடர்புகளால்தான். தனிநாயகம் அடிகளும் நண்பர்களும் 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1970இல் பாரிசில் மூன்றாவது. அடிகள் பிறந்தது யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம். அவர் காலத்தில் கடிதம் போட்டால் பதில் வர ஒரு மாதம். இன்று நொடியில் பதில் வருகிறது: ‘பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்.’

உங்களுக்காகப் பேசப்போவது யார்

ஐரோப்பாவில் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கென்று 2002 முதல் யூரோடாக் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. பல நாட்டுச் சங்கங்கள் அதில் உறுப்பு. நெதர்லாந்திலும் நார்வேயிலும் ஆய்வாளர் என்றால் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். அதனால் அவர் சங்கம் வைப்பதும் சண்டை போடுவதும் அங்கே சாதாரணம். நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. கொஞ்சம் உடற்பயிற்சி தேவைப்படும், அவ்வளவுதான்.

மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழு 2006இல் விதி வகுத்தது. ஆய்வு மாணவர் போட்டியிட உச்ச வயது 28. விழுப்புரத்தில் ஒருவர் பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் நாலு வருஷம் ஓட்டி, செட் எழுதி, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்து, வேகன்சி கிடைத்துப் பகுதி நேரமாகப் பதிவு செய்யும்போது வயது முப்பத்தைந்து. ஆக அவர் ஆய்வு மாணவர் ஆவதற்கு ஏழு வருஷம் முன்பே ஆய்வு மாணவர்களின் பிரதிநிதியாக இருந்திருக்க வேண்டும். தேர்தலே நடத்தாத கல்லூரிகளில் இந்தச் சிக்கல் எழாது.

குறை இருந்தால் சொல்ல யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர் குழு ஒன்று உண்டு. அதில் தலைவர் ஒரு பேராசிரியர். உறுப்பினர்களும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவர் ஒருவரும் உண்டு, சிறப்பு அழைப்பாளராக. அவரை மாணவர்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். படிப்பு, விளையாட்டு, கலைநிகழ்ச்சி இவற்றில் சிறந்தவர் என்று நியமிப்பார்கள். எனவே உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை என்று முறையிட விரும்பும் ஆய்வாளர் முதலில் கபடியில் பெயரெடுக்க வேண்டும். மூச்சுப் பிடிக்கவும் அது உதவும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஃபிளெக்ஸ் இருக்கிறது. வைவா முடிந்த மறுநாள் நான்குமுனைச் சந்திப்பில் ‘முனைவர் பட்டம் பெற்ற எங்கள் அண்ணன்’ என்று கோட்டு சூட்டோடு நிற்பீர்கள். இடப்புறம் தலைவர் படம், கீழே வரிசையாக வாழ்த்தும் நண்பர்களின் முப்பது முகம். பின்னணியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கோபுரம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அதுதான் இருந்தது.

வைவாவுக்கு முன்னால் ஒன்று நடக்கும். முடிந்தவரை புறத்தேர்வாளர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கட்டும் என்று யு.ஜி.சி.யின் அதே 2022 விதி சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அந்த ‘முடிந்தவரை’யைப் பொருட்படுத்தினால், நீங்கள் போகாத நாட்டுக்கு உங்கள் ஆய்வேடு போகும். பதில் வரும்வரை தினமும் தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்யாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை செய்யலாம்.

பட்டம் வந்துவிட்டது, வேலை வரவில்லை, மே மாதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு மெயில் வரும். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்து முனைவர் பட்ட மாணவர், உங்களைவிடப் பத்து வயது சிறியவர், மிகுந்த மரியாதையோடு எழுதியிருப்பார். செஞ்சிப் பக்கம் பாரதக் கூத்தைப் படமெடுக்க வருகிறார். உள்ளூரில் ஆட்களைத் தெரிந்த, கூத்துப் பாட்டைப் புரிந்து சொல்லத் தெரிந்த, இரவெல்லாம் விழித்திருக்கக்கூடிய ஒருவர் வேண்டும். உங்கள் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக நம் ஆட்கள் பத்து நிமிடத்தில் பதில் போட்டு, பைக்கில் பெட்ரோல் போட்டு, இளநீர் வாங்கிவைத்துக் காத்திருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து நூலின் நன்றியுரையில், ஓட்டுநருக்கும் லாட்ஜ் மேனேஜருக்கும் நடுவில், பெயரின் ஒரு எழுத்து தப்பாக வரும்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நிதானமாகப் பதில் எழுதுங்கள். வரவேற்புச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு என்ன தருவார்கள் என்று கேளுங்கள், அவர்களுடைய ஆய்வு நிதியில் அதற்கென்று ஒரு தலைப்பு பெரும்பாலும் இருக்கும். பதிவு செய்த பாட்டும் படமும் இரண்டு பேருக்கும் பொதுவா என்று கேளுங்கள். அவர்கள் துறையில் உங்களுக்கு ஒரு மூன்று மாதம் இடம் தர முடியுமா என்று கேளுங்கள். கட்டுரையில் உங்கள் பெயர் எத்தனையாவது என்பதை முதல் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் பதில் வரும்வரை கூத்து எந்தத் தேதி என்று மட்டும் சொல்லாதீர்கள்.